கைதட்டிகள் பெருகிய வீடு

லிப்ட் மெக்கானிக்கின் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் இருந்தது. சுவரின் இந்த மூலையில் தொடங்கி அந்த மூலையில் முடிந்த அந்தக் கண்ணாடித் தொட்டிக் கடலுக்கு அலை உண்டு, காலையில் உதிக்கும் விளக்கு உண்டு, மாலையில் மெல்ல மங்கும் விளக்கு உண்டு, கரண்ட் போனால் பிரளயமும் உண்டு. அதில் இன்னும் கப்பல் ஓடவில்லை என்றால் மனிதருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்பாள் அவர் மனைவி. அவர் சட்டையில் எப்போதும் உப்புப் பூத்திருக்கும். அதைத் துவைத்துத் துவைத்தே தன் கைரேகை அழிந்துவிட்டது என்றும், தான் கொள்ளையடிக்கப் போனால் போலீசுக்கு ஒரு தடயமும் கிடைக்காது என்றும் அவள் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் தையல்காரி. புதுசு தைக்கிறவள் அல்ல, மற்றவர்கள் தைத்ததைச் சரிசெய்கிறவள். நீளத்தைக் குறைப்பாள், இறுக்கத்தைப் பிரித்து விடுவாள், ஜிப் மாற்றுவாள். அந்தத் தெருவில் யாருக்கு உடம்பு போட்டது, யார் கவலையில் இளைத்தார்கள் என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னால் அவளுடைய இஞ்ச் டேப்புக்குத் தெரியும். வெளிச்சம் வேண்டும் என்று மெஷினை ஜன்னலைப் பார்க்கப் போட்டிருந்தாள். அதனால் குடித்தனம் வந்த நாளிலிருந்தே அவளுடைய முகம் தெருவுக்கு, முதுகு கடலுக்கு. கணவர் பின்னால் செய்ததையெல்லாம் அவள் காதால்தான் தெரிந்துகொண்டாள். வாளி வைக்கும் சத்தம், மூடி திறக்கும் சத்தம், குழாய் தண்ணீரை உறிஞ்சும் சத்தம், கடைசியில் ஒரு "அடடா". அடடா வந்தால் அன்றைக்குத் தரை ஈரம்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எங்கே ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் கை சும்மா இருக்காது. கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்ட குட்டிக் கத்தரிக்கோல் தானாகக் கைக்கு வந்துவிடும். ஒருமுறை பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரில் தொங்கிய நூலை நறுக்கிவிட்டு, அவர் திடுக்கிட்டுத் திரும்பியபோது ஜன்னல் வழியே மேகத்தை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். இன்னொரு முறை ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கோட்டில் தொங்கியதை வெட்டப்போய், பொத்தான் உருண்டு ஓடி, பாதிக் கூட்டம் நாற்காலிகளுக்கு அடியில் தேடியது. "நூல்னு நெனச்சேன், அதுதான் பொத்தானையே பிடிச்சிட்டிருந்திருக்கு" என்றாளே தவிர வெட்டியது தப்பு என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கல்யாணமான புதிதில், "உனக்கு ஒரு பவளம் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று கணவர் வாசலிலிருந்தே சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி பார்த்து, கழுத்தைத் தயார் செய்துகொண்டு வந்தாள். அவர் பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் காட்டினார். தண்ணீருக்குள், சட்டைப் பொத்தான் அளவில், அழுக்குப் பச்சையாக, மடிப்பு மடிப்பாக ஒன்று கிடந்தது.

"என்னங்க இது?"

"மூளைப் பவளம்மா. உசிரோட இருக்கு."

"யாரோட மூளை? உங்களோடதா? அளவு சரியாத்தான் இருக்கு."



அந்தப் பொத்தான் வளர்ந்தது. வருடத்துக்கு ஒரு நகத்தின் அகலம்தான் வளரும். அடியில் இருந்த பெரிய பாறையை அணு அணுவாகப் பற்றிக்கொண்டு, அவர்களுக்கு நரை வந்த காலத்தில் அது ஒரு பிள்ளையின் தலை அளவுக்கு வந்திருந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில்தான் இதை வைத்து வளர்க்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சண்டைக்குப் போயிருப்பார்கள். ஆனால் அதற்குப் "பெரியவர்" என்று பெயர் வைத்தது அவள்தான்.

"உங்க பெரியவர் சாப்பிட்டாரா?" என்பாள், மெஷினை மிதித்தபடி, திரும்பாமலே.

"இன்னும் வாயே தெறக்கல."

"பரவால்ல. நீங்க சாப்பாட்டுக்கு மட்டும்தானே வாயத் தெறக்கிறீங்க."

கைதட்டி என்ற பவளத்தை அவள் வளர்ப்பு மீன் விற்கும் மீன்கடையில்தான் முதலில் பார்த்தாள். வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு தண்டு, அதன் தலையில் ஒரு கொத்துப் பூ, ஒவ்வொரு பூவும் ஒரு சின்னக் கை. அந்தக் கைகள் விரிந்து மூடி, விரிந்து மூடி, ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. அவள் தொட்டிக்கு முன்னால் போய் நின்றதும் இன்னும் வேகமாகத் தட்டியதாக அவள் சத்தியம் செய்வாள். வாழ்க்கையில் அதுவரை யாரும் அவளுக்குக் கைதட்டியதில்லை.

"இது ஒண்ணு வாங்குங்க."

"வேணாம்மா. பாக்கத்தான் சாது. உள்ள விட்டா வீட்டையே எழுதி வாங்கிடும்."

மீன்கடைக்காரரும் ஒத்து ஊதினார். "அண்ணன் சொல்றது சரிதான்க்கா. இத நான் விக்கிறதே இல்ல. கேக்குறவங்களுக்கு அள்ளிக் குடுத்துடுறேன். எனக்கு எடம் காலியானா போதும்."

"பாத்தீங்களா, சும்மா குடுக்குறாங்க. அப்பக்கூட எனக்குன்னு ஒண்ணு வாங்கித் தர மனசு வரல."

அந்த வசனத்தை அவள் பல வருடம் விடாமல் சொன்னாள். கடைசியில் ஒருநாள் அவர் ஒரு கைதட்டியைக் கொண்டுவந்தார். ஆனால் பாறையில் வைக்கவில்லை. மணலுக்கு நடுவில் ஒரு தனிக் கல்லைப் போட்டு, சுற்றிலும் ஒரு சாணுக்கு வெறும் மணலை விட்டு, அதில் உட்கார வைத்தார்.

"பாவம், அதுக்கு ஏன் தனிக்குடித்தனம்?"

"பாறையில தவழும். மணல்ல தவழத் தெரியாது. பெரியவர் மேல கை வெச்சுதுன்னா போச்சு" என்றார்.

வாரம் தவறாமல் அவர் அந்தக் கல்லைத் தூக்கி வாளியில் வைத்து, ஓரத்தில் இறங்கி வந்ததையெல்லாம் நகத்தால் உரித்து, கழுவி, திரும்பக் கொண்டுபோய் வைப்பார். அவள் காதில் விழுந்தது வாளிச் சத்தமும், ஏதோ சுரண்டும் சத்தமும், ஒரு அடடாவும்தான்.

வாதம் வந்து அவர் விழுந்தது ஒரு உயரமான அலுவலகக் கட்டடத்தில், லிப்டுக் கூண்டின் மேல். கூட வேலை பார்த்தவனுக்குப் பட்டப்பெயர் கயிறு. ஆளும் லிப்டுக் கயிறு மாதிரியே ஒல்லியாக, முறுக்கிக்கொண்டு இருப்பான். மோட்டார் அறையில் இருந்தவன் இறங்கி ஓடிவந்து, அவரைக் கூண்டுக்குள் இறக்கி, தரைத்தளத்துக்குக் கொண்டுவந்தான். எத்தனையோ வருடம் அவர் கைபட்ட அந்த லிப்டு அன்றைக்கு ஒரு குலுங்கல் இல்லாமல் அவரைக் கீழே சேர்த்தது.

உயிர் தங்கியது. வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. தொண்டையில் ஒரு முனகல் மிஞ்சியது, அதற்குப் பசியா கோபமா என்று கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் இரும்புக் கம்பி வைத்த கட்டிலைக் கூடத்தில், கடலுக்கு எதிரே போட்டார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான். அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். மடங்கிப்போன வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, விரிந்து விரிந்து மூடும் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவள் மீன்கடைக்குப் போய்ப் பாடம் கற்றுக்கொண்டாள். வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. உப்பைத் தனி வாளியில் கரைக்க வேண்டும். மீனுக்குத் தீனி ஒரு சிட்டிகைதான். எல்லாவற்றையும் ஒரு பிசகு இல்லாமல் செய்தாள். கைதட்டியைப் பற்றி அவள் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிகிற விஷயத்தை யாராவது கேட்பார்களா? கல்லின் விளிம்பைத் தாண்டி அது தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கிளை சாய்ந்து பெரிய பாறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் கண்ணுக்கு அது பிசிறு. கத்தரிக்கோல் தானாகக் கைக்கு வந்தது. முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, ஓரம் அடித்த துணி மாதிரி, அழகாக வட்டம் பிசகாமல் நறுக்கினாள். கண்ணில் பட்ட துண்டுகளைப் பொறுக்கி எறிந்தாள். கண்ணில் படாததை அலை கொண்டுபோயிற்று.

பின்னால் கம்பியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அவருடைய இடது கை, மோதிரம் போட்ட கை, கம்பியின் மேல் இருந்தது.

"என்னங்க? தண்ணி வேணுமா?"

தண்ணீர் கொடுத்தாள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் பாறையில் அங்கங்கே குட்டிக் கைகள் முளைத்தன. பெரியவருக்குப் பக்கத்தில் இரண்டு, பின்பக்கக் கண்ணாடியில் ஒன்று, பம்பின் வாயில்கூட ஒன்று. அவளுக்கு ஒரே பெருமை. இவர் வைத்திருந்த காலத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, தன் கை பட்டதும் குடும்பமே வந்துவிட்டதே! வாரா வாரம் எல்லாவற்றையும் திருத்தமாக நறுக்கினாள். ஒவ்வொரு முறையும் டங். ஒவ்வொரு முறையும் தண்ணீரோ, தலையணையோ, போர்வையோ, பாத்திரமோ. ஒன்றும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சில நாள் கண்ணில் நீர் வழிந்தது.

அவருடைய அக்கா வந்தாள். அந்த அம்மாள் வந்தால் நாற்காலிகள்கூட நிமிர்ந்து உட்காரும்.

"என்னடி, தொட்டி இப்படிப் பூத்துக் கெடக்கு! இவன் வெச்சிருந்தப்போ பாறையும் பாசியுமா இருந்துச்சு. உன் கை ராசிடி."

"அவருக்குத்தான் பிடிக்கலக்கா. நான் மூடியத் தெறந்தாலே கம்பியில அடிக்கிறாரு. அழுறாரு."

"அடிக்காம என்ன செய்வான்? அவன் செஞ்ச வேலைய நீ செய்யுற. தன்னால முடியலையேன்னு குமுறுறான். ஆம்பளைங்க மனசு அப்படித்தான். அவன் கண்ணு முன்னாடி செய்யாத."

தம்பியின் மனதை அக்கா படித்துச் சொன்னாள். தம்பி இரண்டடி தள்ளிப் படுத்திருந்தான். அவனைப் பார்த்து யாரும் கேட்கவில்லை.

அவள் ஒரு திரை தைத்தாள். கெட்டித் துணி, உள்ளே வெளிச்சம் புகாத லைனிங், மேலே வளையம், கீழே கனத்துக்கு ஒரு கயிறு வைத்து மடிப்பு. வாழ்நாளில் அவள் தைத்ததிலேயே நேர்த்தியான தையல் அதுதான். கட்டிலுக்கும் கடலுக்கும் நடுவே அதை மாட்டினாள். முதலில் நறுக்கும்போது மட்டும் இழுத்துவிட்டாள். திறந்தால் அவர் அழுகிறார் என்று பிறகு பகலெல்லாம் இழுத்துவிட்டாள். பிறகு திறப்பதே மறந்துபோயிற்று. திரைக்கு அந்தப் பக்கம் அவர் துணியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இந்தப் பக்கம் கைகள் பெருகின.

பெரியவர் வெளுத்தது அவள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. கைதட்டிகள் நான்கு பக்கமும் நெருக்கி நின்று, தலைக்கு மேல் கவிந்து, வெளிச்சத்தை மறைத்தன. ஓரத்தில் சதை பின்வாங்கி, எலும்பு மாதிரி வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. வயசாச்சு, எல்லோருக்கும் வருவதுதானே என்று நினைத்துக்கொண்டு, அதன் மேல் கவிந்திருந்ததைக் கூடுதல் அக்கறையோடு வெட்டினாள்.

ஒரு நண்பகலில் கயிறு பார்க்க வந்தான். அவன் அடிக்கடி வருகிறவன் இல்லை. அவர் அப்படிக் கிடப்பதைப் பார்க்க முடியாமல் கண்டதையும் பேசிவிட்டு ஓடிவிடுவான். அன்றைக்கும் கட்டில் பக்கம் கொஞ்சம் நின்று, எந்தக் கட்டடத்தில் எந்த லிப்டு எந்த மாடியில் மாட்டிக்கொண்டது என்று கதை சொல்லிவிட்டு, திரைக்கு இந்தப் பக்கம் வந்து டீ டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"நீ குடிப்பா. நான் இத முடிச்சிடுறேன்" என்று அவள் தொட்டியின் மூடியைத் திறந்தாள்.

திரைக்குப் பின்னால் டங்.

கயிறு அப்படியே நின்றுவிட்டான். டம்ளர் உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில். ஒரு கால் தரையில், ஒரு கால் குதிகால் தூக்கியபடி. கண் இமைக்கவில்லை. அவனுக்கும் வலிப்போ வாதமோ வந்துவிட்டதென்று அவள் பயந்தே போனாள்.

"டேய், என்னடா ஆச்சு?"

"அண்ணன் நிறுத்தச் சொல்றாரு" என்றான் உதட்டை அசைக்காமல்.

"எதை?"

"அது தெரியல அண்ணி. ஒரு தட்டுன்னா நிறுத்து. எதுவா இருந்தாலும் அப்படியே நிக்கணும்." மெதுவாக டம்ளரைக் கீழே வைத்தான். "லிப்டு போற குழிக்குள்ள கத்தினா கேக்காது. மேல மோட்டார் சத்தம். ஸ்பேனரால லிப்டு ஓடுற இரும்பு ரெயில்ல தட்டுவோம். ஒண்ணுன்னா நிறுத்து. ரெண்டுன்னா மேல போ. மூணுன்னா கீழ." இடது கையைத் தூக்கிக் காட்டினான். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. "ஒரு தடவ நான் நிக்கல."

அவள் கை இன்னும் தண்ணீருக்குள் இருந்தது. கத்தரிக்கோலின் வாயில் ஒரு கைதட்டி விரிந்து மூடிக்கொண்டிருந்தது. கையை வெளியே எடுத்தாள். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டப் போய்த் திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். இரண்டு வளையம் தெறித்து விழுந்தன.

"ஏங்க. இத்தன நாளும் என்னை நிறுத்தத்தான் சொன்னீங்களா? வெட்டாதன்னா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். திரை போட்டபின் அதை அவர் பார்ப்பது அப்போதுதான். பச்சையும் ஊதாவுமாக இருந்த பாறை இளஞ்சிவப்புக் கைகளாக மாறியிருந்தது. அதற்கு நடுவில் பெரியவரின் உச்சி மட்டும் தெரிந்தது. அவர் பார்த்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு கம்பியில் டங், டங்.

"ரெண்டு. போன்னா சரின்னு அர்த்தம். ஆமாங்கிறாரு" என்றான் கயிறு. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெட்டிய துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு அவள் மீன்கடைக்கு நடந்தாள். கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"கத்தரிக்கோலாலயா வெட்டுனீங்க?"

"ம்."

"தொட்டிக்குள்ளயே வெச்சா?"

"ம்."

"பம்பு ஓடிக்கிட்டிருக்கும்போதா?"

அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க வெட்டல. நட்டிருக்கீங்க. இதுல நகத்தளவு பிஞ்சாலும் போய் ஒட்டிக்கும். அண்ணன் கல்லோட வெளிய தூக்கி நகத்தால உரிப்பாரே, பாத்ததில்லையா?"

"சத்தம் கேட்டிருக்கேன்" என்றாள்.

கடைக்காரர் வைத்தியத்தைச் சொன்னார். பாறை மொத்தத்தையும் வெளியே எடுத்து வெயிலில் காயப்போட வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பெரியவரை உளியால் பாறையிலிருந்து பெயர்த்து, ஒட்டியிருப்பதைச் சுத்தமாக எடுத்துவிட்டு, தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம்.

"பொழச்சிடுமா?"

"பொழைக்கலாம். ஆனா அங்கயே இருந்தா நிச்சயமாப் பொழைக்காது."

வீட்டுக்கு வந்து அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் விழுந்ததிலிருந்து அவரிடம் அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் வேணுமா, வேணாமா, வலிக்குதா என்பவைதான். அவற்றுக்கும் பதிலை அவளே சொல்லிவிடுவாள். அன்றைக்குத்தான் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"எல்லாத்தையும் வெளிய எடுக்கணுமாம். கடல் மொத்தமும் போயிடும். பெரியவர மட்டும் தனியா வெச்சுப் பாக்கலாம்னு சொல்றாங்க. எடுக்கட்டுமா?"

தெருவில் ஒரு வண்டி போய், இன்னொரு வண்டியும் போயிற்று. பிறகு அவர் இரண்டு தட்டுத் தட்டினார்.

மீன்களை மீன்கடைக்காரர் வந்து வாங்கிப்போனார். அடுத்த நாள் கயிறு உளியும் சுத்தியலுமாக வந்தான். பெரியவர் இருந்த பாறையை, கடலின் தண்ணீரையே நிரப்பிய வேறொரு அகலத் தொட்டியில் வைத்து, கட்டிலை ஒட்டி இழுத்துவிட்டார்கள். கயிறு உளியை ஓரிடத்தில் வைத்தான். டங். எடுத்தான். கொஞ்சம் தள்ளி வைத்தான். டங். இன்னும் கொஞ்சம் அடியில் வைத்தான். டங், டங். அடித்தான். வாயில் சொல் இல்லாத மனிதர் அன்றைக்கு மறுபடியும் வேலைக்குப் போனார். அவர் நிறுத்தச் சொன்னால் கயிறு மூச்சைக்கூட நிறுத்தினான்.

அப்போது பார்த்து அக்கா வாசலில் வந்து நின்றாள். "என்னடி இது, கூடத்துல ஆபரேஷனா?"

"ஆமாக்கா. டாக்டர் தட்டுவாரு. தட்டினா நீங்களும் அசையக்கூடாது."

"எவன்டி டாக்டர்?"

டங்.

அந்த அம்மாள் பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பாதி வாக்கியத்தில் வாயை மூடியது அப்போதுதான். நாற்காலிகளுக்கே ஆச்சரியம்.

பெரியவர் பாறையை விட்டு வந்தபோது பல் பிடுங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. அடியில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. பாதிக்கு மேல் வெள்ளை. உயிரோடு இருந்தது உச்சியில் உள்ளங்கை அகலம்தான். அதைச் சுற்றி ஒட்டியிருந்த வேர்களை எடுக்க அவள் தையல் பிரிக்கும் முள்ளைக் கொண்டுவந்தாள். அவர் இடது கையைக் கம்பி வழியே நீட்டினார். தொட்டியை இன்னும் நெருக்கி வைத்தாள். அவர் கட்டைவிரல் நகத்தால் விளிம்பைத் தேடி, தூக்கி, கிழியாமல் ஒரு கைதட்டியை அடியோடு உரித்து அவள் உள்ளங்கையில் போட்டார். அவள் அதைப் பார்த்தாள். இத்தனை வருடம் முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சுரண்டும் சத்தம் இதுதான்.

"இப்படியா?"

டங், டங்.

ஒன்றை அவள் எடுத்தாள். ஒன்றை அவர் எடுத்தார். தண்ணீர் ஆறிவிடக்கூடாது என்று கயிறு வெந்நீர் பாட்டிலை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தான். அக்கா போய் டீ போட்டாள்.

பாறைகளும் மணலும் மொட்டைமாடிக்குப் போயின. அவை காய்ந்த நாற்றத்தில் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது தெருவில் ஒரு பூனை மயங்கி விழுந்ததாக அவள் சொன்னாள், சிரிக்காமல். சொன்னதைக் கேட்டும் யாரும் சிரிக்கவில்லை. கூடத்தில் அந்தப் பெரிய கண்ணாடிப் பெட்டி வெறுமையாக நின்றது. திரையைப் பிரித்து, உப்புத் துடைக்கத் துணியாகக் கிழித்தாள். மெஷினை ஜன்னலிலிருந்து திருப்பி, கட்டிலைப் பார்க்கப் போட்டாள். வெளிச்சம் முதுகுக்குப் போயிற்று. தையல் கோணிற்று. பேன்ட் கால் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று சண்டைக்கு வந்தவர்களிடம், "உங்க கால அளந்து பாருங்க" என்றாள்.

பெரியவர் கட்டில் தலைமாட்டில், ஸ்டூல் மேல், சின்னத் தொட்டியில் இருந்தார். ஒரு விளக்கு, ஒரு ஹீட்டர், குமிழி விடும் ஒரு சின்னப் பம்பு. விளக்கை ஏற்றும்போதெல்லாம் இருவரும் முதலில் பார்ப்பது அதைத்தான். முதல் சில நாள் சதை கொஞ்சம் உப்பி வந்த மாதிரி இருந்தது. "பாருங்க, நேத்திக்கு இன்னிக்குத் தேவல" என்றாள். அவர் தட்டவில்லை. பிறகு, ஈரத்துணி காயும்போது ஓரத்திலிருந்து நிறம் மாறுமே, அப்படி வெள்ளை ஏறியது. அவள் தண்ணீரை மாற்றினாள், விளக்கை உயர்த்தினாள், தாழ்த்தினாள். மீன்கடைக்காரர் இரண்டு தடவை வந்து பார்த்தார். இரண்டாவது தடவை டீ வேண்டாமென்று போய்விட்டார்.

ஒரு காலையில் அவள் விளக்கை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். உச்சியிலும் ஒன்றுமில்லை. மடிப்பு மடிப்பாக, சுத்தமாக, வெறும் எலும்பு. அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் சத்தம் கேட்டது.

டங், டங், டங்.

கயிறு சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. மூன்றென்றால் கீழே.

அவள் மெஷினுக்கு வந்து உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். கோக்க வரவில்லை. அன்றைக்கு முழுக்க யாரும் துணி கொடுக்க வராமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

இரண்டு மூன்று நாள் அதை அப்படியே விட்டிருந்தார்கள். பிறகு சின்னத் தொட்டியைக் காலி செய்யலாம் என்று அவள் அந்த எலும்பைக் கையில் எடுத்தாள். கனமாகத்தான் இருந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பியபோது, விரிசலுக்குள் ஏதோ ஒன்று நூல்முனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பவும் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்தாள். சற்று நேரத்தில் அந்த நூல்முனை விரிந்தது, மூடியது. மறுபடி விரிந்தது. கடுகளவு ஒரு கை. உளிக்கும் முள்ளுக்கும் நகத்துக்கும் தப்பி, பெரியவரின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்து, இப்போது யாருக்கோ கைதட்டிக்கொண்டிருந்தது.

வெறும் கண்ணாடிப் பெட்டியையும், மாடியில் கிடக்கும் வெளுத்த பாறைகளையும், கையில் இருக்கும் எலும்பையும் நினைத்தாள். கழுத்து நாடாவிலிருந்து கத்தரிக்கோல் தானாகக் கைக்கு வந்தது. இந்தத் தடவை நறுக்கி அடுப்பிலேயே போடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். ஆனாலும் கேட்டாள். இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் செய்வது.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு மிஞ்சியிருக்கு. பெரியவரத் தின்னுட்டு அதுக்குள்ளயே உக்காந்திருக்கு. தூக்கிப் போட்டுடவா?"

அவர் தலையைத் திருப்பினார். தண்ணீருக்குள் அந்தக் கடுகளவு கை விரிந்து மூடியது. அவர் மடியில் கிடந்த வலது கை மூடியே கிடந்தது. அவள் கத்தரிக்கோலைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

டங்.

ஒரு தட்டுத்தான். இன்னொன்று வருமா என்று அவள் பார்த்தாள். வரவில்லை. அவர் கை கம்பியை விட்டு இறங்கிவிட்டது.

அவள் நிறுத்தினாள். கத்தரிக்கோல் காற்றில், ஒரு கை தண்ணீருக்குள், கயிறு அன்றைக்கு நின்றது போலவே அப்படியே நின்றாள். பிறகு எலும்பைத் தொட்டியின் நடுவில், எந்தப் பக்கமும் படாமல் வைத்தாள். மாடிக்குப் போய், பழைய கடலின் மணலில் இரண்டு கை அள்ளி, கழுவி எடுத்துவந்து, அதைச் சுற்றிலும் ஒரு சாணுக்குப் பரப்பினாள்.